கோழிக்குள் ஒரு சஹன்

அதிராம்பட்டினத்தில் கலியாண விருந்து சாப்பிட்டவர்களுக்குச் சஹனைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. அகன்ற தாம்பாளத்தில் ஆவி பறக்கச் சோறு வரும். அதைச் சுற்றி மூன்று நான்கு பேர் விரிப்பில் அமர்ந்து, அவரவர் பக்கத்துச் சோற்றில் கைவைத்துச் சாப்பிடுவார்கள். நல்ல கறித்துண்டு கண்ணில் பட்டால் எதிரே இருப்பவர் பக்கம் தள்ளிவிடுவார்கள். கீழக்கரை, காயல்பட்டினம் என நம் கடலோர ஊர்கள் பலவற்றிலும் இந்தப் பழக்கம் உண்டு. ஒரே தட்டு, பல கைகள்.

இன்றைக்கு நம் வீட்டுக் குழம்பில் கிடக்கும் பிராய்லர் கோழியும் உயிரோடு இருந்த நாளில் தனியாகச் சாப்பிட்டதே இல்லை. அது கொத்தி விழுங்கிய ஒவ்வொரு வாய்த் தீவனத்தையும் அதன் குடலுக்குள் குடியிருந்த கோடானுகோடி நுண்ணுயிர்கள் பங்கு போட்டுக்கொண்டன. அந்தப் பந்தியில் யார் உட்காருகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் கோழி கொழுப்பதும் இளைப்பதும், கழிச்சல் கண்டு சாவதும். பந்தியில் நல்லவர்களை உட்கார வைக்க என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு அறிவியல் தேடிக்கொண்டிருக்கும் விடைகளில் ஒன்றின் பெயர் ‘பிரீபயாடிக்’. அந்த விடையின் மூலப்பொருள்கள் அதிராம்பட்டினம் என்கிற அதிரையைச் சுற்றியே கிடக்கின்றன. நெல்லரைவை மில்லின் தவிட்டிலும், செக்கில் மிஞ்சும் தேங்காய்ப் புண்ணாக்கிலும், பாக் நீரிணையின் கடற்பாசியிலும் அவை இருக்கின்றன.

தாய் முகம் காணாத குஞ்சு

ஊர்ப்பக்கம் நாட்டுக்கோழி அடைகாத்துக் குஞ்சு பொரிப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இருபத்தோரு நாள் கழித்துக் குஞ்சுகள் வெளிவந்ததும் தாய் அவற்றை இறக்கைக்குள் வைத்துக்கொள்ளும். பிறகு குப்பைமேட்டுக்குக் கூட்டிப்போய்க் கிளறிக் காட்டும். வீட்டுக்காரம்மா குருணை போடுவார். பையன்கள் கரையான் புற்றை உடைத்துக் கொண்டுவந்து கொட்டுவார்கள். இவற்றோடு சேர்த்து இன்னொன்றையும் குஞ்சு கொத்துகிறது. தாயின் எச்சம் பட்ட மண் அது. அருவருப்பாகத் தோன்றினாலும் அதுதான் குஞ்சுக்குத் தாய் தரும் முதல் சீதனம். பெரிய கோழியின் குடலில் பல தலைமுறையாகப் பழகிய நுண்ணுயிர்க் கூட்டம் அந்த வழியாகத்தான் குஞ்சின் குடலுக்குக் குடிபெயர்கிறது.

பிராய்லர் குஞ்சுக்கு இந்தச் சீதனம் கிடைப்பதில்லை. அது பொரிப்பகத்தின் இயந்திரத்தில் பிறக்கிறது. முட்டை ஓடு புகையூட்டிச் சுத்தம் செய்யப்பட்டிருக்கும். பிறந்த அன்றே தடுப்பூசி போட்டு அட்டைப்பெட்டியில் அடைத்து வண்டியில் ஏற்றுவார்கள். வயிற்றுக்குள் மிச்சமிருக்கும் மஞ்சள்கருதான் இரண்டு மூன்று நாளைக்கு அதன் கட்டுச்சோறு. பண்ணையில் இறக்கும்போது எடை ஏறக்குறைய 40 கிராம். தரையில் உமி பரப்பிய கூளம், மேலே புரூடரின் சூடு, முன்னால் தட்டு நிறையத் தீவனம். எல்லாம் இருக்கும், தாய் மட்டும் இருக்காது.

அந்த 40 கிராம் குஞ்சு ஒரே வாரத்தில் நான்கு மடங்குக்கு மேல் எடை கூடுகிறது. ஆறு வாரத்துக்குள் இரண்டு கிலோவைத் தாண்டிவிடுகிறது. 1957-இல் வழக்கில் இருந்த ஓர் இனத்தையும் 2005-இன் வணிக இனத்தையும் கனடாவில் ஒரே தீவனம் போட்டு வளர்த்துப் பார்த்தார்கள். 56-ஆம் நாளில் பழைய இனத்தின் எடை 905 கிராம். புதியதன் எடை 4,202 கிராம். தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த இனப்பெருக்கம் செய்த வேலை இது. ஆனால் இவ்வளவு வேகத்தில் வளரும் உடம்புக்குள் இருக்கும் குடல் இப்போதுதான் குடியேற்றம் நடக்கும் புதுமனை. முதலில் வந்து இடம்பிடிப்பவர் யாரோ அவரே வீட்டுக்காரர்.

குருட்டுக்குடலின் குடிகள்

கோழியின் உணவுப்பாதை குட்டையானது. கொத்திய தீவனம் கழுத்தடித் தீனிப்பையில் ஊறி, தசைவலுவுள்ள அரைவைப் பையில் அரைபட்டு, சிறுகுடலில் செரித்து, சில மணி நேரத்தில் எச்சமாக வெளியேறிவிடும். இத்தனை அவசரத்தில் நுண்ணுயிர்கள் நிலையாக ஊன்றுவது கடினம். அவை சாவகாசமாகக் குடியிருப்பதற்கென்றே ஓர் இடம் உண்டு. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் இரண்டு பைகள் விரல்போல நீண்டு, கடைசி அடைபட்டுக் கிடக்கும். இவற்றைக் குருட்டுக்குடல் என்கிறோம். கோழியைச் சுத்தம் செய்பவர்கள் பார்த்த மாத்திரத்தில் அறுத்து எறியும் பகுதி இது. அதற்குள் இருக்கும் கூழில் ஒரு கிராமை எடுத்தால் ஆயிரம் கோடி முதல் பத்தாயிரம் கோடி வரை பாக்டீரியாக்கள் இருக்கும். உலக மக்கள்தொகையைவிட அதிகமான குடிகள் ஒரு சிட்டிகைக் கூழுக்குள் வாழ்கின்றன.

இந்தக் குடிகள் சும்மா இருப்பதில்லை. கோழியால் செரிக்க முடியாத நார்ப்பொருளைப் புளிக்க வைத்து அசிட்டிக், புரோபியானிக், பியூட்டிரிக் எனச் சிறு அமிலங்களாக மாற்றுகின்றன. இவற்றில் பியூட்டிரேட் குடற்சுவரின் செல்களுக்கு நேரடி உணவு. குடலின் உட்புறத்தில் வெல்வெட் துணிபோல நெருங்கி நிற்கும் நுண்விரல்கள் நீளமாகவும் அடர்த்தியாகவும் இருந்தால்தான் தீவனத்தின் சத்து முழுமையாக உறிஞ்சப்படும். நோய்க்கிருமிகள் பெருகினால் அந்த நுண்விரல்கள் தேய்ந்து குட்டையாகிவிடும். பிறகு எத்தனை மூட்டை தீவனம் கொட்டினாலும் பாதி கூளத்துக்குத்தான் போகும்.

தாயின் சீதனம் எவ்வளவு பெரியது என்பதை முதலில் சோதனையால் காட்டியவர்கள் பின்லாந்து நாட்டவர்கள். 1971-இல் அந்நாட்டுக் கறிக்கோழிப் பண்ணைகளில் ஒருவகைச் சால்மொனெல்லா கிருமி பரவியது. எஸ்கோ நூர்மி, ரந்தாலா என்ற இருவர் வளர்ந்த ஆரோக்கியமான கோழியின் குடற்கூழை எடுத்துப் பிறந்த குஞ்சுகளுக்குப் புகட்டினார்கள். பிறகு அவற்றுக்குச் சால்மொனெல்லாவைக் கொடுத்தபோது பெரும்பாலான குஞ்சுகளில் அது வேரூன்ற முடியவில்லை. 1973-இல் ‘நேச்சர்’ இதழில் இந்த முடிவு வெளியானது. நல்லவர்கள் முந்தி உட்கார்ந்துவிட்டால் கெட்டவருக்குப் பந்தியில் இடம் கிடைக்காது என்பதுதான் அதன் சாரம். குப்பைமேட்டில் தாய்க்கோழி நாள்தோறும் செய்துவந்த வேலையை ஆய்வுக்கூடம் அன்றுதான் புரிந்துகொண்டது.

குறுக்கு வழி

அதற்குள் உலகம் வேறொரு வழியில் வெகுதூரம் போயிருந்தது. அந்தக் கதையில் நம் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ், 1940-களில் லெடர்லே ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சித் தலைவராக இருந்தார். அங்கே பெஞ்சமின் டக்கர் என்ற தாவரவியலாளர் மண்ணில் வாழும் ஓர் உயிரியிலிருந்து ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கண்டெடுத்தார். சுப்பாராவ் 1948 ஆகஸ்டில் காலமானார். அந்த ஆண்டின் முடிவில் அதே கூடத்தைச் சேர்ந்த தாமஸ் ஜூக்ஸ், பி-12 வைட்டமினுக்கு மலிவான மூலம் தேடிக் கோழிக்குஞ்சுகளுக்குப் பலவகைத் தீவனங்களைப் போட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார். ஆரியோமைசின் தயாரிப்பில் மிஞ்சிய சக்கையும் அவற்றில் ஒன்று. கிறிஸ்துமஸ் நாளில் எடை போட்டபோது, சக்கை தின்ற குஞ்சுகளே மற்ற எல்லாவற்றையும்விடக் கனமாக இருந்தன. அந்த வளர்ச்சிக்கு வைட்டமின் மட்டும் காரணமாக இருக்க முடியாது. சக்கையில் ஒட்டியிருந்த ஆன்டிபயாடிக்தான் அதைச் செய்திருந்தது.

1951 முதல் அமெரிக்காவில் மருந்துச்சீட்டு இல்லாமலே தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலக்க வழி பிறந்தது. நோயே இல்லாத கோழிக்குத் தினமும் சிறிதளவு மருந்து. பந்தியில் இருந்தவர்களில் நல்லவர் கெட்டவர் பாராமல் பலரை அடித்து விரட்டி, தட்டில் மிஞ்சியதைக் கோழிக்கே கொடுக்கும் வழி இது. எடை கூடியது, தீவனம் மிச்சமானது. ஆனால் அடிபட்டும் சாகாத கிருமிகள் எதிர்ப்பாற்றலைக் கற்றுக்கொண்டன. கற்றதை மற்றக் கிருமிகளுக்கும் கற்றுக்கொடுத்தன.

2014-இல் டெல்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் தலைநகர வட்டாரத்தில் வாங்கிய 70 கோழிக்கறி மாதிரிகளைச் சோதித்தது. அவற்றில் 40 விழுக்காட்டில் ஆன்டிபயாடிக் எச்சம் இருந்தது. மருத்துவமனையில் வேறு எந்த மருந்தும் பலிக்காத நோயாளிக்குக் கடைசியாகக் கொடுக்கும் மருந்து கொலிஸ்டின். அதற்கும் அடங்காத கிருமிகளின் மரபணு ஒன்று உணவுக்கென வளர்க்கும் விலங்குகளிலும், இறைச்சியிலும், நோயாளிகளிடமும் பரவியிருப்பதை 2015-இல் சீன ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதை 2006 ஜனவரி 1 முதல் முற்றிலும் தடைசெய்திருந்தது. இந்தியா 2019 ஜூலையில் உணவுக்கான விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் கொலிஸ்டினைத் தடைசெய்தது. குறுக்கு வழி அடைபடத் தொடங்கியதும் எல்லோரும் கேட்ட கேள்வி: இனி குடலை எப்படிக் காப்பது?

உண்பவர் வேறு, பயன் பெறுபவர் வேறு

விடைக்கான சொல்லை 1995-இல் கிளென் கிப்சனும் மார்செல் ராபர்ஃப்ராய்டும் தந்தார்கள். ஓர் உயிரால் செரிக்க முடியாத, ஆனால் அதன் குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்கள் மட்டும் விரும்பித் தின்று பெருகக்கூடிய உணவுப்பொருளுக்குப் பிரீபயாடிக் என்று பெயரிட்டார்கள். உயிருள்ள நல்ல கிருமியையே கொடுத்தால் அது புரோபயாடிக். தயிரும் மோரும் அந்த வழி. ஏற்கெனவே உள்ளே இருக்கும் நல்ல கிருமிக்குச் சோறு போடுவது பிரீபயாடிக்.

பெயர்தான் புதிது, செய்கை ஆதிகாலத்தது. தாய்ப்பாலில் நூற்றுக்கு மேற்பட்ட சிறு சர்க்கரைகள் இருக்கின்றன. அவற்றைக் குழந்தையால் செரிக்க முடியாது. பிறகு எதற்காகத் தாயின் உடம்பு பாடுபட்டு அவற்றைச் சுரக்கிறது? குழந்தையின் குடலில் குடியேறும் பிஃபிடோபாக்டீரியத்துக்காக. தாய் ஒரே பாலில் இரண்டு பிள்ளைகளுக்கு ஊட்டுகிறாள். ஒன்று கண்ணுக்குத் தெரியும், மற்றது தெரியாது. கோழிக்குத் தாய்ப்பால் இல்லை. பிராய்லருக்குத் தாயே இல்லை. அந்த இடத்தில் தீவனத்தில் கலக்கும் ஒரு கைப்பிடிச் சர்க்கரைச்சரம் தாயின் பங்கில் ஒரு சிறு பகுதியை ஈடுசெய்கிறது.

சர்க்கரைச்சரம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. மாவுச்சத்தும் நாரும் சர்க்கரை மணிகள் கோத்த நீண்ட மாலைகள். ஆயிரக்கணக்கான மணிகள் கொண்டவையும் உண்டு. பிரீபயாடிக்குகளில் பல, ஏறத்தாழ மூன்று முதல் பத்து மணி வரை கோத்த சிறு சரங்கள். இவற்றை ஒலிகோசாக்கரைடு என்பார்கள். மணிகளைக் கோத்த முடிச்சு எந்த வகை என்பதுதான் முக்கியம். கோழியிடம் அந்த முடிச்சை அவிழ்க்கும் நொதி இருக்காது. நல்ல பாக்டீரியாவிடம் இருக்கும். ஆகவே சரம் செரிக்காமல் குருட்டுக்குடல் வரை போய்ச் சேர்ந்து, உரியவர் கையில் கிடைக்கிறது.

தீவனத் தொழிலில் புழங்குபவை சில. சிக்கரி கிழங்கிலிருந்து எடுக்கும் இன்யூலினும் அதன் சிறு துண்டான ஃபிரக்டோ ஒலிகோசாக்கரைடும் ஒரு வகை. நம் வெங்காயத்திலும் பூண்டிலும் இயற்கையாக இருப்பவையும் இவையே. ரொட்டிக்கு மாவு புளிக்க வைக்கும் ஈஸ்ட்டின் உடற்சுவரிலிருந்து எடுக்கும் மன்னான் ஒலிகோசாக்கரைடு இன்னொரு வகை. இதை ‘மாஸ்’ என்று சுருக்கிச் சொல்வார்கள்.

இவற்றின் வேலை மூன்று விதம். முதலாவது, ஊட்டுதல். லாக்டோபேசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம் போன்றவை சரத்தைத் தின்று லாக்டிக் அமிலத்தைக் கக்குகின்றன. குடலில் புளிப்பு ஏறுகிறது. தயிர்ச்சோறு சீக்கிரம் கெடாததுபோல, புளிப்பான குடலில் சால்மொனெல்லாவும் ஈ.கோலையும் திணறுகின்றன. அந்த லாக்டிக் அமிலத்தை வேறு சில பாக்டீரியாக்கள் தின்று பியூட்டிரேட்டாக மாற்றுகின்றன. ஒருவர் கழித்தது அடுத்தவருக்கு உணவு. கடைசியில் கோழியின் குடற்சுவருக்குச் சாப்பாடு.

இரண்டாவது, ஏமாற்றுதல். சால்மொனெல்லாவும் ஈ.கோலையும் குடற்சுவரில் ஒட்டுவதற்குத் தம் உடலில் மயிர் போன்ற கைகளை வைத்திருக்கின்றன. அந்தக் கைகள் பிடிப்பது குடற்செல்லின் மேல் இருக்கும் மன்னோஸ் என்ற சர்க்கரையை. ஈஸ்ட்டின் சுவரெங்கும் மன்னோஸ்தான். தீவனத்தோடு அது மிதந்துவரும்போது கிருமி அதையே குடற்சுவர் என்று நம்பிப் பற்றிக்கொள்கிறது, எச்சத்தோடு வெளியேறிவிடுகிறது. தூண்டிலில் இரை கட்டி மீனை இழுப்பதுபோலத்தான். கொக்கி மட்டும் இல்லை.

மூன்றாவது, விழிப்பூட்டுதல். ஈஸ்ட் சுவரின் குளுக்கான் போன்ற பொருள்களைக் கோழியின் நோயெதிர்ப்புச் செல்கள் அந்நியன் என்று அடையாளம் காண்கின்றன. உண்மையான எதிரி வருமுன்பே காவல் உஷாராகிறது.

மில்லும் தோப்பும் கடலும்

இப்போது அதிரையைச் சுற்றி ஒரு நடை போய்வருவோம். மேற்கே கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் பட்டுக்கோட்டை வட்டாரத்து வயல்கள். நெல் அறுவடையானால் அரைவை மில்லில் அரிசி ஒரு பக்கம், உமி ஒரு பக்கம், தவிடு ஒரு பக்கம். உமி பண்ணைக்குக் கூளமாகப் போகிறது. தவிடு மாட்டுக்கும் கோழிக்கும் போகிறது. தவிட்டின் நாரில் அராபினோசைலான் என்ற நீண்ட சர்க்கரை மாலை இருக்கிறது. மாலை முழுதாக இருக்கும்வரை கோழிக்கு அது சுமை. குடலில் செரிக்காமல் மற்றச் சத்துகளையும் பூட்டிவைத்துக்கொள்ளும். அதனால்தான் தீவனத்தில் தவிட்டை ஓர் அளவுக்கு மேல் சேர்ப்பதில்லை. அதே மாலையைச் சைலனேஸ் என்ற நொதியால் சிறு சரங்களாக வெட்டினால் அது பிரீபயாடிக். நீளமாக இருந்தபோது தடையாக நின்றது குட்டையானதும் துணையாகிறது. இந்த இயலின் மிக அழகான உண்மை இதுவென்று எனக்குத் தோன்றும்.

காவிரி டெல்டாவுக்கு இதில் இன்னொரு வசதியும் உண்டு. பச்சரிசித் தவிட்டில் இருக்கும் லைப்பேஸ் நொதி எண்ணெயைச் சிதைத்து, சில நாளிலேயே சிக்கு வாடை வரச் செய்துவிடும். நெல்லைப் புழுக்கும்போது அந்த நொதி வெந்து செயலிழந்துவிடுகிறது. புழுங்கல் நெல் அரைக்கும் நம் மில்களின் தவிடு அதனால் கூடுதல் நாள் தாங்குகிறது.

தெற்கே இறங்கினால் தென்னந்தோப்புகள். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் கரை கடந்தபோது இந்த வட்டாரம் பறிகொடுத்த மரங்களின் கணக்கை எந்தத் தோப்புக்காரரும் மறக்கவில்லை. அதன்பின் நட்ட கன்றுகள் இன்று மரமாகி வருகின்றன. கொப்பரையை ஆட்டி எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் புண்ணாக்கின் நாரில் பெரும்பகுதி மன்னான். அதுவும் மன்னோஸ் மணி கோத்த மாலைதான். முளைத்த தேங்காயை உடைத்துத் தேங்காய்ப்பூ தின்றவர்கள் அந்த இனிப்பை நினைத்துப் பாருங்கள். கன்று முளைக்கும்போது தேங்காய்க்குள் நொதிகள் ஊறி, கெட்டியான பருப்பின் மன்னானை வெட்டிச் சர்க்கரையாக்கி இளங்கன்றுக்கு ஊட்டுகின்றன. அந்த வேலையையே தொட்டியில் வைத்துச் செய்தால் கோழிக்கான பிரீபயாடிக் கிடைக்கிறது. கொப்பரைப் புண்ணாக்கை நொதியால் வெட்டி எடுத்த மன்னோபயோஸ் என்ற இரட்டைமணிச் சர்க்கரையைக் கறிக்கோழித் தீவனத்தில் கலந்து சோதித்த ஆய்வு 2007-இல் வெளியானது. அதைத் தின்ற கோழிகளில் சால்மொனெல்லாவின் ஆதிக்கம் குறைந்தது. குடலைக் காக்கும் எதிர்ப்புப் புரதம் கூடியது. ஈஸ்ட்டின் மன்னானும் தேங்காயின் மன்னானும் முடிச்சில் வேறுபட்டவை. ஆகவே ஒன்று செய்யும் வேலையை மற்றதும் அப்படியே செய்யும் என்று கொள்ளக்கூடாது. ஆனால் இரண்டும் கோழிக்குத் துணை நிற்கின்றன.

இன்னும் நடந்தால் உப்பளம் தாண்டிக் கடல். பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் பாசி எடுக்கும் பெண்கள் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை. கப்பாஃபைகஸ் என்ற சிவப்புப் பாசி அவர்கள் வாயில் ‘பெப்சி பாசி’. பெப்சி நிறுவனம் அதன் வளர்ப்பை இந்தக் கரைக்குக் கொண்டுவந்ததால் வந்த பெயர். மண்டபத்தில் உள்ள மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் இதன் வளர்ப்பு நுட்பத்தை மீனவர்களிடம் கொண்டுசேர்த்தது. பாசியின் சர்க்கரை மாலைகள் நிலத்துத் தாவரத்தில் இல்லாத வகை; பலவற்றில் கந்தகமும் கோத்திருக்கும். கோழி நொதிக்கு அவை முற்றிலும் புதிர். இசத்நகரில் உள்ள மத்தியப் பறவை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இந்தச் சிவப்புப் பாசியைக் கறிக்கோழித் தீவனத்தில் கலந்து, வளர்ச்சியையும் நோயெதிர்ப்பையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். இறால் தோலின் கைட்டினிலிருந்து செய்யும் சிறு சரங்களும் உலக ஆய்வுக்கூடங்களில் இதே வரிசையில் நிற்கின்றன.

கணக்கு என்ன சொல்கிறது?

பண்ணைக்காரர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “எஃப்.சி.ஆர். குறையுமா?” ஒரு கிலோ எடை கூட எத்தனை கிலோ தீவனம் என்பதே அந்தக் கணக்கு. 5,000 கோழி உள்ள ஒரு பண்ணையை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் இரண்டு கிலோ என்றால் மொத்தம் பத்தாயிரம் கிலோ. எஃப்.சி.ஆர். 1.70 என்றால் தீவனம் 17 டன். அது 1.65 ஆனால் 16.5 டன். மிச்சம் 500 கிலோ, அதாவது ஐம்பது கிலோ மூட்டையில் பத்து மூட்டை. கோழி வளர்ப்புச் செலவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தீவனம். டன்னுக்கு ஒரு கிலோ பிரீபயாடிக் கலந்தால் இந்த பேட்ச்சுக்கு அதிகம் போனால் 17 கிலோ. அந்த 17 கிலோவின் விலை பத்து மூட்டைத் தீவனத்தின் விலையைவிடக் குறைவாக இருந்தால் லாபம்.

எஃப்.சி.ஆர். அப்படிக் குறையுமா என்றால் உலகெங்கும் நடந்த சோதனைகளின் விடை ஒரே மாதிரி இல்லை. பலவற்றில் எடை கூடியது, சாவு குறைந்தது, நுண்விரல்கள் நீண்டன. வேறு பலவற்றில் குடலின் நுண்ணுயிர்க் கூட்டம் மாறியும் தராசு முள் அசையவில்லை. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் இருக்கிறது. சோதனைக் கூடம் துடைத்துவைத்ததுபோலச் சுத்தமாக இருந்தால் விரட்டுவதற்குக் கெட்ட கிருமியே இராது. அங்கே பிரீபயாடிக்குக்கு வேலை குறைவு. சித்திரை வெயிலில் கொட்டகைக்குள் கோழி மூச்சிரைக்கும்போதும், ஐப்பசி மழையில் கூளம் ஈரமாகிக் கிடக்கும்போதும், ரத்தக்கழிச்சலுக்குப் பின்னால் கிளாஸ்டிரிடியம் கிருமி குடலைப் புண்ணாக்கத் துடிக்கும்போதும் அதன் அருமை தெரியும்.

அளவும் முக்கியம். மிகுந்தால் குருட்டுக்குடலில் புளிப்பும் வாயுவும் ஏறி எச்சம் நீர்த்துப்போகும். கூளம் ஈரமாகும், ஈரக்கூளத்தில் அம்மோனியா கிளம்பிக் கோழியின் கண்ணையும் மூச்சையும் கெடுக்கும். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கோழியை நோயாக்கும் ஈ.கோலை வகைகளில் சில, ஃபிரக்டோ சரத்தைத் தின்னும் மரபணுக்களைப் பெற்றிருப்பது கண்டறியப்பட்டிருக்கிறது. நல்லவருக்கென்று வைத்த பண்டத்தில் அவையும் கைவைக்கின்றன. எல்லாச் சரமும் எல்லாப் பண்ணைக்கும் ஒத்துவராது.

இதையெல்லாம் தாண்டி வியக்கவைக்கும் ஒரு முயற்சியும் நடக்கிறது. போலந்து நாட்டு ஆய்வாளர்கள் குஞ்சு பொரிவதற்கு முன்பே, அடைகாப்பின் பன்னிரண்டாம் நாளில், முட்டையின் காற்றறைக்குள் சிறு துளையிட்டுப் பிரீபயாடிக் கரைசலைச் செலுத்திப் பார்த்தார்கள். ஓடு உடைத்து வெளிவருமுன்பே குஞ்சின் குடலில் நல்லவர்களுக்குப் பந்தி விரித்தாயிற்று. தாயின் சீதனத்தைப் பிறப்புக்கு முன்பே கொண்டுசேர்க்கும் வழி இது.

நாம் செய்யக்கூடியது

பிரீபயாடிக் மருந்தல்ல. நோய் வந்த கோழியை அது குணப்படுத்தாது. சுத்தமான தண்ணீரையும், உலர்ந்த கூளத்தையும், காற்றோட்டத்தையும், தடுப்பூசியையும் அது ஈடுசெய்யாது. இவை சரியாக இருக்கும் பண்ணையில், ஆன்டிபயாடிக்கைக் கைவிடும் துணிவை அது தருகிறது. அந்தத் துணிவின் மதிப்பு கோழிக்கடையோடு முடிவதில்லை. அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருக்கும் நம் வீட்டு ஆளுக்கு நாளை மருந்து பலிக்க வேண்டுமென்றால் இன்று கோழித் தீவனத்தில் அந்த மருந்து இருக்கக்கூடாது.

பண்ணை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விற்பனையாளர் சொல்லும் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு கொட்டகையில் கலந்தும் ஒரு கொட்டகையில் கலக்காமலும் இரண்டு பேட்ச் வளர்த்து, எடையையும் தீவனத்தையும் சாவையும் நோட்டில் எழுதிப் பாருங்கள். அந்த நோட்டைவிட நம்பகமான ஆலோசகர் வேறு யாருமில்லை.

நம் நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தஞ்சாவூரில் நெல் பதப்படுத்தலில் பெயர்பெற்று, இன்று உணவுத் தொழில்நுட்பத்துக்கான தேசிய நிறுவனமாக வளர்ந்த ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. நடுவில் மில்களும் தோப்புகளும், எல்லையில் கடல். இந்த மண்ணின் தவிடும் புண்ணாக்கும் பாசியும் சக்கை விலைக்குப் போகின்றன. ஈஸ்ட்டிலும் சிக்கரியிலும் எடுத்த சரங்களோ பையில் அடைத்துத் தீவன மூட்டைக்குள் வந்து சேர்கின்றன. நம் சக்கையை நாமே வெட்டிச் சரமாக்கக் கற்றுக்கொண்டால் கோழிக்கும் நல்லது, கஜாவுக்குப் பின் நிமிர்ந்து நிற்கப் பாடுபடும் தோப்புக்காரருக்கும் நல்லது.

வாங்கி உண்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அடுத்த முறை கறிக்கடையில் நிற்கும்போது, “இந்தக் கோழிக்கு என்ன தீவனம் போட்டார்கள்?” என்று கேளுங்கள். கேட்பவர் கூடக்கூட விடை சொல்லும் பொறுப்பு விற்பவருக்கும் வரும். சஹனில் எதிரே இருப்பவருக்கு நல்ல துண்டைத் தள்ளிவிடும் ஊர் நம் ஊர். கோழியின் குடலில் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் நல்ல விருந்தாளிகளுக்கும் அவர்களுடைய பங்கை ஒதுக்கி வைப்போம்.